நிலைவட்டு தரும் எச்சரிக்கை



காலையில் கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகின்றீர்கள். வழக்கமான திரை தோன்றவில்லை. கரிய திரையில் வெள்ளெழுத்துகளால் ஓர் அறிவிப்பு வருகின்றது. “உம்முடைய வட்டுகளுள் ஒன்றைச் சோதித்தல் வேண்டும், சோதனை வேண்டாவெனில் சில நொடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்துக” என்பது அதன் கருத்து. பொறுமையுடைய மாணவன் காத்திருக்கின்றான். அவசரக்காரன் விசையை அழுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகின்றான். மறுநாளும் அதே அறிவிப்பு வருகின்றது. மறுநாளும் அவன் விசையை அழுத்துகின்றான். நாளடைவில், காலையில் பல் துலக்குவது போல அவ்விசையை அழுத்துவதும் ஒரு வழக்கமாகிவிடுகின்றது.

வாயிற்கதவைத் தட்டுபவர் யாரென்று கேளாமலே நாள்தோறும் திருப்பியனுப்புவது எத்தகைய அறிவுடைமையோ, அத்தகையதே இதுவும். அச்சோதனை ஏன் வருகின்றது? ஒருமுறை வந்தது மீண்டும் மீண்டும் வருவானேன்? அப்போது நாம் செய்யத்தக்கது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் இன்று விடை காண்போம். உலகில் மிகப் பலர் கையாளும் விண்டோஸ் இயக்க அமைப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதற்கண் நிலைவட்டு என்பது யாதென அறிதல் வேண்டும். பேச்சு வழக்கில் இதனை ஹார்டு டிஸ்க் என்கிறோம். 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணிப்பொறியுடன் உலகின் முதல் நிலைவட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பெற்றுச் சுழன்றன. அத்துணைப் பெரிய பொறியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் வட்டு ஒன்று அதனைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு செய்தியைத் தாங்குகின்றது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கின்றது. அதன்மேல் ஒரு சிறு தலை நகர்ந்து, எழுதவும் படிக்கவும் செய்கின்றது. மேசைக் கணிப்பொறியின் வட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7200 முறை, அஃதாவது நொடிக்கு 120 முறை, சுழலும். தலைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள வெளி நம் தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயாகும். இத்துணை நுண்ணிய பொறி ஆண்டுக்கணக்கில் பிழையின்றி இயங்குவதே வியப்புக்குரியது.

தட்டின் பரப்பு வட்டவட்டமான தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் செக்டர் எனப்படும் சிறு கூறுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு செக்டரில் 512 பைட்டு அளவு செய்தி அடங்குவது பழைய வழக்கு. பிற்கால வட்டுகளில் இஃது 4096 பைட்டாக உயர்ந்துள்ளது. ஒரு டெராபைட்டு வட்டை 512 பைட்டுக் கூறுகளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 195 கோடி செக்டர்கள் வரும். இவற்றுள் உங்கள் கட்டுரை எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கணிப்பொறி எங்ஙனம் அறிகின்றது?

இதனை விளக்க நம் பள்ளி நூலகத்தை நினைவிற் கொள்ளுங்கள். நூல்கள் அலமாரிகளில் உள்ளன. எந்த நூல் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் உள்ளது என்பதைக் காட்டும் பதிவேடு நூலகர் மேசைமேல் இருக்கின்றது. பதிவேடும் அலமாரியும் ஒத்திருக்கும்வரை தொல்லையில்லை. நிலைவட்டிலும் இத்தகைய பதிவேடு உண்டு. அதனைப் பேணும் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸில் இன்று பெருவழக்காயுள்ள கோப்பு முறைமை என்.டி.எஃப்.எஸ். என்பது, இது 1993-ஆம் ஆண்டு விண்டோஸ் என்.டி.யுடன் வெளிவந்தது.

இனி, நூலகர் ஒரு நூலை ஓர் அலமாரியினின்றும் மற்றோர் அலமாரிக்கு மாற்றுகின்றார் என்க. நூலை எடுத்து வைத்துவிட்டார். பதிவேட்டில் எழுதப் புகுமுன் விளக்கு அணைந்துவிட்டது. நூல் ஓரிடத்தில் உள்ளது. பதிவேடு வேறிடத்தைக் காட்டுகின்றது. கணிப்பொறி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் நேர்வதும் இதுவே. பழைய ஃபேட் முறைமையில், வட்டைத் திறந்து எழுதத் தொடங்கியவுடன் ஒரு குறி இடப்படும்; முறைப்படி மூடும்போது அக்குறி அழிக்கப்படும். இடையில் மின்சாரம் போயின் குறி அழியாமல் நின்றுவிடும். ‘டர்ட்டி பிட்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் அதனை நாம் மாசுக்குறி எனலாம். மறுமுறை கணிப்பொறியை இயக்கும்போது அக்குறியைக் கண்டே சோதனை தொடங்குகின்றது.

என்.டி.எஃப்.எஸ். முறைமையோ இதனினும் விழிப்புடையது. பதிவேட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு பின்னரே மாற்றுகின்றது. மின்சாரம் தடைப்பட்டாலும், மறுமுறை இயங்கும்போது நாட்குறிப்பைப் பார்த்து, முடிந்த மாற்றங்களை நிறைவேற்றி, முடியாதவற்றைக் கைவிட்டுத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆகையால் மின்தடை ஒன்றனாலேயே இதில் மாசுக்குறி விழுவதில்லை. பதிவேட்டிலேயே முரண்பாடு ஒன்றைக் கண்டால்தான் இயக்க அமைப்பு அக்குறியை இடுகின்றது. இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். என்.டி.எஃப்.எஸ். வட்டொன்றில் சோதனை அடிக்கடி வருமாயின், “மின்சாரம் போயிருக்கும்” என்று அமைதி கொள்வதற்கில்லை.

சோதனையைச் செய்யும் நிரலின் பெயர் செக்டிஸ்க். சி, எச், கே, டி, எஸ், கே என்னும் ஆறு எழுத்துகளால் அதனை எழுதுவர். 1981-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் பி.சி. டாஸிலேயே இப்பெயருடைய நிரல் இருந்தது. நூலகத்தில் ஆண்டிறுதியில் நடைபெறும் இருப்புச் சரிபார்ப்பு எத்தகையதோ, அத்தகையதே இதன் பணி. பதிவேட்டில் உள்ளது அலமாரியில் உண்டா, அலமாரியில் உள்ளது பதிவேட்டில் உண்டா, ஒரே இடம் இரு நூல்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்க்கின்றது. உரிமையாளர் அறியப்படாத துண்டுகளைத் திரட்டித் தனிக் கோப்புறையில் இட்டுவைக்கின்றது.

இங்கே பலரும் கொள்ளும் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். செக்டிஸ்க்கின் நோக்கம் பதிவேட்டை முரணின்றி அமைப்பதே. உங்கள் கட்டுரையைக் காப்பாற்றுவதன்று. பதிவேடு ஒழுங்குபெறுவதற்காகச் சிதைந்த பதிவொன்றை நீக்கவும் அது தயங்காது. சோதனை வெற்றியுடன் முடிந்தது என்று திரை கூறியபின்னும் கோப்பொன்று காணாமற்போவது இதனாலேதான்.

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். ஒருமுறை சோதித்துத் திருத்திய பின்னும் சோதனை மறுபடி மறுபடி வருவதற்கு மூவகைக் காரணங்கள் உண்டு.

முதலாவது, சோதனை ஒருபோதும் முடிவுறவில்லை என்பது. நாள்தோறும் விசையை அழுத்தித் தவிர்ப்பவன் கணிப்பொறியில் மாசுக்குறி அப்படியே நிற்கும். பாதியில் மின்சாரத்தை நிறுத்துபவன் நிலையும் இதுவே. இது தானே வருவித்துக்கொண்ட தொல்லை.

இரண்டாவது, சோதனை முடிகின்றது. ஆனால் முரண்பாடு நாள்தோறும் புதிதாய்ப் பிறக்கின்றது. கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துப் பயன் என்ன? ஒழுகும் இடம் பலவாக இருக்கலாம். வட்டின் பரப்பே கெட்டுச் செக்டர்கள் படிக்கவொண்ணாதனவாகியிருக்கலாம். வட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் கேபிள் தளர்ந்திருக்கலாம். மின்வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி வலுவிழந்திருக்கலாம். ராம் நினைவகத்தில் பழுது இருப்பின், வட்டு நன்றாயிருந்தும் அதில் எழுதப்படுவது பிழையாகவே இருக்கும். எழுத்தர் கைநடுக்கத்திற்குத் தாளைப் பழிப்பதெவ்வாறு? ஒரே கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் என இரு இயக்க அமைப்புகளை வைத்திருப்போர்க்கு மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி, நாம் நிறுத்தும்போது அமைப்பை முற்றிலும் மூடாமல் அரைத்துயிலில் வைக்கின்றது. அந்நிலையில் மற்றோர் அமைப்பு அதே வட்டில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தான் நினைத்திருந்த பதிவேடும் கண்முன் உள்ள பதிவேடும் வேறுபடக் கண்டு மயங்கும். அத்தகையோர் அவ்வசதியை நீக்கிவிடுதலே நன்று.

மூன்றாவது, வட்டில் மாசுக்குறியே இல்லை. எனினும் சோதிக்குமாறு முன்னர் யாரோ இட்ட கட்டளை அமைப்பில் நீங்காமல் நிற்கின்றது. இதனால் தீங்கில்லை, ஆனால் காலம் வீணாகும். லினக்ஸில் முற்காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை முறை இயக்கியதும், பழுதில்லாவிடினும், சோதனை நடத்தும் வழக்கமும் இருந்தது. எனவே சோதனை வந்தவுடனே வட்டு அழிந்தது என்று அஞ்சவும் வேண்டா. அஞ்சாது புறக்கணிக்கவும் வேண்டா. எவ்வகைக் காரணம் என்று பிரித்தறிதலே கடமை.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யான் தலைமையாசிரியனாய் இருந்த ஒரு பள்ளியில், 2014-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஊரிலுள்ள முதியோரைக் கண்டு, ஏரிப் பாசனம் நடந்த முறையையும், ஏற்றம் இறைக்கும்போது அவர்கள் பாடிய பாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தனர். அப்பதிவுகள் நாற்பதும் அலுவலகக் கணிப்பொறியில் சேர்க்கப்பட்டன. கைப்பேசிகளில் இடமின்மையால் மாணவர் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டனர். சில நாட்களில் அக்கணிப்பொறி காலைதோறும் சோதனை கேட்கத் தொடங்கிற்று. “ஐயா, தினமும் இப்படி வருகிறதே” என்று எழுத்தர் இருமுறை வந்து சொன்னார். “இன்று சம்பளப் பட்டியல் போயாக வேண்டும், விசையை அழுத்திவிட்டு வேலையைப் பாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விடையிறுத்தவன் யானே. மூன்று வாரம் கழிந்தது. ஒரு நாட்காலை வட்டினுள் ‘டக், டக்’ என்னும் ஓசை கேட்டது. அதன்பின் அது திறக்கவேயில்லை.

மாணவர் மீண்டும் ஊருக்குள் சென்றனர். முதியோர் பலர் சலிப்பின்றி மறுபடியும் பாடினர். ஆனால் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய பேரன் அவ்வகுப்பிலேயே படித்தான். அவன் என்னிடம் வந்து, “ஐயா, தாத்தா குரல் வேறு எங்கேயும் இல்லையா?” என்று மட்டுமே கேட்டான். அவ்வினாவிற்கு என்னிடம் விடையில்லை. இன்றைய பேச்சுக்கு யான் இப்பொருளை எடுத்துக்கொண்டதன் காரணமும் அதுவே.

ஆகவே, மாணவர்களே, சோதனை அறிவிப்பு இரண்டாம் முறை வந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை சோதனையன்று, படியெடுத்தல். மீட்டும் பெறவியலாத கோப்புகளை வேறொரு வட்டிற்கோ பென் டிரைவிற்கோ உடனே படியெடுத்து வையுங்கள். பழுதுற்ற வட்டின் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனை, தளர்ந்த நோயாளியை மலையேறச் சொல்வது போன்றது. அவ்வுழைப்பிலேயே வட்டு உயிர்நீத்தலும் உண்டு. படியெடுத்த பின்னரே மற்றவை.

இரண்டாவதாக, மாசுக்குறி உண்டா என்று கேளுங்கள். மாலையில் கணிப்பொறியை நிறுத்துமுன், கமாண்டு பிராம்ப்ட் என்னும் கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘எஃப்.எஸ்.யூட்டில் டர்ட்டி குவெரி’ என்னும் கட்டளையுடன் வட்டின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டால், குறி உண்டு அல்லது இல்லை என ஒரே வரியில் விடை வரும். காலையில் சோதனை நிறைவுற்றிருந்தும் மாலையில் குறி இருக்குமாயின், அன்று பகலிலேயே பழுது மறுபடி பிறந்தது என்பது தெளிவு. குறி இல்லாதிருந்தும் மறுநாள் சோதனை வருமாயின், பெரும்பாலும் பழைய கட்டளையே தங்கியுள்ளது. அதனை நீக்க, ‘செக்என்டிஎஃப்எஸ்’ என்னும் கட்டளையை, சாய்கோட்டுடன் டி என்னும் எழுத்தைச் சேர்த்து இடவேண்டும். இதனால் அமைப்பு தன் இயல்பான ஒழுங்கிற்குத் திரும்பும்.

மூன்றாவதாக, சோதனையின் அறிக்கையைப் படியுங்கள். தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்தால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் மாணவர் உண்டு. தவறு எங்கே என்று அவர் பார்ப்பதில்லை. விண்டோஸிலுள்ள ‘ஈவென்ட் வியூவர்’ என்னும் நிகழ்ச்சிப் பதிவேட்டில், அப்ளிகேஷன் பிரிவில், ‘வின்இனிட்’ என்னும் பெயரின்கீழ் அவ்வறிக்கை முழுமையாய் இருக்கும். அதன் இறுதியில் கெட்ட செக்டர்களின் அளவு கிலோபைட்டில் குறிக்கப்பட்டிருக்கும். சுழியம் எனில் நன்று. சுழியமல்லாத எண் இருந்து, அது முறைக்குமுறை பெருகுமாயின், வட்டின் பரப்பு அழிந்துவருகின்றது என்று அறிக.

நான்காவதாக, வட்டையே வினவுங்கள். ஒவ்வொரு வட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அதனைப் படித்துக்காட்டும் இலவச நிரல்கள் கிடைக்கின்றன. அதில் மூன்று எண்களை நோக்குங்கள். கெட்டதற்கு மாற்றாகச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட செக்டர்கள் எத்தனை என்பது ஒன்று. படிக்கவியலாமல் தீர்ப்பிற்குக் காத்திருக்கும் செக்டர்கள் எத்தனை என்பது மற்றொன்று. சி.ஆர்.சி. பிழை என்பது மூன்றாவது. முதலிரண்டும் ஏறுமாயின் குற்றம் வட்டினுடையது. மூன்றாவது மட்டும் ஏறுமாயின் குற்றம் பெரும்பாலும் கேபிளினுடையது; மின்னிணைப்பை நீக்கிவிட்டு, கேபிளைக் கழற்றிச் செம்மையாய்ப் பொருத்துக, அல்லது புதியதை இடுக. சில நூறு ரூபாயில் தீரக்கூடிய குறைக்குச் சில ஆயிரம் செலவிட்டுப் புது வட்டு வாங்குவோர் இதனை அறியாதவரே.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கூகிள் நிறுவனத்தின் பொறியியலார் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பரப்புச் சோதனையில் முதற்பிழை காட்டிய வட்டு, பிழை காட்டாத வட்டைக் காட்டிலும், அடுத்த 60 நாட்களுக்குள் கெடுவதற்கு 39 மடங்கு வாய்ப்புடையது என அவர்கள் கண்டனர். அதே ஆய்வில், கெட்டுப்போன வட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டாமலே கெட்டன என்பதும் வெளிப்பட்டது. ஆதலின் தீய அறிகுறி தோன்றினால் அதனை உறுதியாய் நம்புக. தோன்றாவிடின் அதனை முழு நலத்திற்குச் சான்றாகக் கொள்ளற்க. இதுவே அவ்வாய்வு நமக்குத் தரும் பாடம்.

ஐந்தாவதாக, வட்டும் கேபிளும் குற்றமற்றவை எனின், விண்டோஸிலேயே அமைந்துள்ள நினைவகச் சோதனையை நடத்திப் பாருங்கள். இவையெல்லாம் முடிந்தபின், ஓர் இரவு முழுவதும் ஒதுக்கி, செக்டிஸ்க் கட்டளையைச் சாய்கோடும் ஆர் என்னும் எழுத்தும் சேர்த்து இட்டு, சோதனையைக் குறுக்கீடின்றி முடியவிடுங்கள். பெரிய வட்டாயின் பல மணி நேரம் பிடிக்கும். மடிக்கணினியாயின் மின்னிணைப்பிலேயே இருக்கட்டும். மேசைக் கணிப்பொறிக்கு யு.பி.எஸ். இருத்தல் நலம். அதன் பின்னும் சில நாட்களில் சோதனை திரும்பி வந்து, செக்டர் எண்களும் ஏறுமாயின், அவ்வட்டிற்கு விடைகொடுத்துவிடுங்கள்.

சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வட்டை உடையவர்களுக்கு இக்கவலை இல்லையோ எனின், உண்டு. அதிலும் பதிவேடு உண்டு, அதுவும் முரண்படும். முன்னறிவிக்கும் ஓசைகூட இன்றி ஒரு நாள் அது வாய்மூடிவிடுதலும் கூடும்.

இறுதியாக, ஒரு குறுக்குவழியைப் பற்றி எச்சரிக்கின்றேன். அதே செக்என்டிஎஃப்எஸ் கட்டளையில் எக்ஸ் என்னும் எழுத்தைச் சேர்த்தால், குறிப்பிட்ட வட்டில் தொடக்கச் சோதனையே நடவாமற் செய்துவிடலாம். அறிவிப்பு மறைந்துவிடும், காலையில் நேரமும் மிஞ்சும். தொல்லை தீர்ந்தது என்று நண்பர் சிலர் இதனையே உங்களுக்குப் பரிந்துரைப்பர். காய்ச்சல்மானியை உடைத்தெறிந்தால் காய்ச்சல் தணியுமா? மாசுக்குறி உள்ளேயே நிற்கும்; பழுது உள்ளேயே வளரும்; சொல்லுவார் மட்டும் இல்லாதொழிவர்.

கணிப்பொறி கேட்பது நம் நேரத்தில் சிறிது. மும்முறை கேட்டும் நாம் கொடாவிடின், அது எடுத்துக்கொள்வது நம் உழைப்பு முழுவதையும். இன்று மாலை உங்கள் இல்லத்துக் கணிப்பொறியில் எக்கோப்பு ஒரே ஒரு படியாக மட்டும் இருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். அது கல்லூரி ஆய்வேடாக இருக்கலாம். தங்கையின் குழந்தைப் பருவப் படமாக இருக்கலாம். பாட்டியின் குரலாகவும் இருக்கலாம். அதற்கு இன்னொரு படி எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டுப் பிறகு உறங்கச் செல்லுங்கள்.